ஐம்பது குரல் விதி

காலை பதினொன்று பத்துக்குத் தீர்ப்பு வந்தது. அறுபத்து மூன்று பேர் சேர்ந்து கொடுத்த மனு. திரையில் ‘மனுதாரர் எண்ணிக்கை: ஒன்று’ என்று போட்டிருந்தது. கீழே அந்த ஒருவரின் பெயர்: வே. தையல்நாயகி, சட்ட அலுவலர்.

தையல்நாயகி நான்தான். நான் யார் மேலும் மனு கொடுத்தவள் இல்லை. இருபத்தொன்பது வருஷமாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் பெயரேதான், இனிஷியலோடு.

“பெனிட்டா! இங்க வா, வந்து இந்தக் கூத்தைப் பாரு!” என்று கத்தினேன்.

பெனிட்டா எங்கள் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர். நாற்பது வயது, இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மா, எதற்கும் பதறாதவள். திரையைப் படித்துவிட்டு அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எங்களுடையது மக்கள் பாதுகாப்புச் சட்ட அலுவலகம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கேன்டீனுக்குப் பின்னால், மூன்று ஜன்னல் உள்ள கட்டடம். நுகர்வோர், தொழிலாளர், குடியிருப்போர் என்று ஜன்னலுக்கு ஒரு பலகை. ஏமாற்றிய கடைக்காரன், காரணம் சொல்லாமல் வேலையை விட்டுத் துரத்திய முதலாளி, சாக்கடையைத் தெருவில் திறந்துவிட்ட அடுக்குமாடிக்காரன், எவனாக இருந்தாலும் இல்லாதப்பட்டவர்கள் சார்பில் அரசாங்கமே வழக்காடும். ஒரு காலத்தில் நானும் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்தியவள்தான். இப்போது கோட்டு பீரோவில் இருக்கிறது. வழக்குகள் மலையாகக் குவிந்துபோய், ஆறு வருஷத்துக்கு முன்னால் செவிமன்றம் வந்தது. அதில் நீதிபதி கிடையாது. இயந்திரமே கேட்கும், இயந்திரமே முடிவு சொல்லும். ஜனங்கள் அதைச் ‘செவி’ என்பார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, செவி வந்ததில் ஒரு நல்லதும் உண்டு. அதுதான் ஐம்பது குரல் விதி. ஒரே இடத்தைப் பற்றி ஐம்பது பேர் தனித்தனியாக வந்து, எங்கள் உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் போதும். விசாரணை கிடையாது, வாய்தா கிடையாது, அந்த இடம் அன்றைக்கே இழுத்து மூடப்படும். புதுக்கானூர் தொழிற்பேட்டையில் உள்ள பழைய பேட்டரி உருக்கும் ஆலையின் உலையை அந்த விதியை வைத்துத்தான் நிறுத்தப் பார்த்தோம்.

நிறுத்தக் கேட்டு முதலில் வந்தவள் கோமளா. முப்பத்து நாலு வயது இருக்கும். அந்த ஆலையிலேயே பேட்டரி உடைக்கிறாள், ஆலையின் மதில் ஓரத்துக் குடியிருப்பிலேயே இருக்கிறாள். அதனால் தொழிலாளர் ஜன்னலா, குடியிருப்போர் ஜன்னலா என்று தெரியாமல் இரண்டு வரிசையிலும் மாறி மாறி நின்று, கடைசியில் சண்டை போட்டுக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

“இன்னா மேடம், ஆளாளுக்கு அங்க போ இங்க போன்றீங்க? எம் புள்ளைக்கு மூள கெட்டுப் போவுது. பொகை வூட்டுக்குள்ள வந்து சோத்து மேல சாம்பலா ஒக்காருது. ஊதிட்டுத் துன்றோம். எத்தினி நாளைக்கு மேடம் ஊதுறது?”

அவளுடைய மகள் பிரதிக்ஷாவுக்கு ஒன்பது வயது. பேட்டை வாசலில் நிற்கும் பஸ் நம்பரையெல்லாம், எது எந்த ஊருக்குப் போகும் என்பதோடு ஒப்பிப்பாளாம். கண்டக்டர்களே இறங்கி வந்து கேட்டுச் சிரிப்பார்களாம். இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நின்று அழுகிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். ரத்தத்தில் ஈயம் நாற்பத்தொன்று. ஐந்து இருந்தாலே குழந்தைக்கு ஆகாது என்று அதே சீட்டில் அச்சடித்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் இதே காற்றை இழுத்தால் போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த உலையை அணைக்காமல் ரிடையர் ஆக மாட்டேன் என்று மனசுக்குள் சபதம்கூடப் போட்டேன். ஆனால் அவளிடம் வாயைத் திறந்து சொன்னது வேறு.

“இதோ பாரு கோமளா, இப்படிப் பேசினா கேஸ் நிக்காது. சோத்துல ஊதுறேன், மூளை கெட்டுப் போவுதுன்னா சண்டைக்காரி மாதிரி இருக்கும். கவர்மென்ட்டுக்கிட்ட பேசறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லு.”

அவளும் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பேட்டை ரேஷன் கடை வாசலில் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறுபத்து மூன்று பேர் வரிசையில் வந்தார்கள். உலைக்காரன், லோடு ஏற்றுகிறவன், கைக்குழந்தைக்காரி, காது மந்தமான ஒருவர். ஒவ்வொருவருக்கும் நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல, எல்லாம் பதிவானது. ‘மேற்படி முகவரியில் நிரந்தரமாக வசித்து வரும் நான், மேற்படி ஆலையின் புகையால் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் உயிர்ச்சேதம் நேரக்கூடிய நிலை உள்ளதை மாண்புமிகு மன்றத்தின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.’ ஒருத்தர்கூட ‘சமர்ப்பிக்கிறேன்’ என்று ஒரே தடவையில் சொல்லவில்லை. நான் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குப் போனாலும், நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது.

“அதான் மேடம் பிரச்சினையே,” என்றாள் பெனிட்டா.

“எது?”

“அறுபத்து மூணு குரலும் வேற வேறன்னு செவிக்கு நல்லாத் தெரியும். ஆனா அது இப்பல்லாம் குரலைக் கணக்குல எடுக்கறதில்ல. குரலுக்குப் பின்னாடி யோசிச்சது யாருன்னு பாக்குது. எந்த வார்த்தையை எடுக்கறாங்க, எதை முதல்ல சொல்றாங்க, எங்க தயங்கறாங்க... அதை வெச்சு மனசைப் பிரிச்சுச் சொல்லிடும். போன வருஷம் வந்த திருத்தம். கூலிக்கு அம்பது பேரைப் பிடிச்சு எதிராளி கடையை மூட வெச்சாங்களே, அதுக்கப்புறம் கொண்டு வந்தது.”

எனக்குத் தெரியாதா என்ன! அந்தத் திருத்தத்தை வரவேற்று எங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதத்தை எழுதியதே நான்தான். கூலிக்கூட்டத்தை ஒழிக்க வந்த சட்டம் என்று புகழ்ந்து தள்ளியிருந்தேன்; அது எங்களையே பிடிக்கும் என்று தோன்றவில்லை.

“அறுபத்து மூணுலயும் அது ஒரே ஆளைத்தான் பாத்திருக்கு மேடம். அது நீங்க. ஒரு ஆள் குடுத்த மனுன்னா அம்பது குரல் விதி வராது. தனிநபர் தகராறு. அதனால நிழலுக்கு அனுப்பிடுச்சு.”

நிழல் என்பது தனிநபர் வழக்குகளுக்காக வந்த ஏற்பாடு. இருபத்தொரு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் செவியிடம் ஒரு நிழல் உண்டு. நாம் இதுவரை எழுதியது, கையெழுத்துப் போட்டது, போனில் பேசியது எல்லாவற்றையும் வைத்து, நாம் இருந்தால் என்ன சொல்வோமோ அதைச் சொல்லும். இரண்டு தரப்பு நிழலும் பேசி ஒத்துக்கொண்டால் அது சட்டப்படி நம்மைக் கட்டும். வாரக்கணக்கில் இழுக்கும் சமரசம் நிமிஷத்தில் முடிந்துவிடும்.

“என் நிழல் என்ன சொல்லிச்சு?”

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். “ஒத்துக்கிச்சு மேடம். நாலே நிமிஷம். புகைபோக்கியை இருபதடி ஒசத்துவாங்க. பதினாலு மாசத்துல குடியிருப்புக்கு வேற இடம். அதுவரைக்கும் உலை எரியும்.”

வெளியே வராந்தா பெஞ்சில் கோமளா உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு நாள் என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தவள். மற்ற அறுபத்திரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள். ஒளித்து வைக்க முடியுமா? போய்ச் சொன்னேன். அவளுக்கு நிழலும் புரியவில்லை, திருத்தமும் புரியவில்லை. பதினாலு மாசம் மட்டும் புரிந்தது.

“அந்தப் பதினாலு மாசம் எம் பொண்ணு மூச்சு வுடாம இருக்கணுமா மேடம்?”

இரும்மா வரேன் என்று உள்ளே ஓடிவந்தேன்.

சமரசத்தை ஏற்காதவர் அன்றைக்குள் ஒரே ஒரு முறை தன் நிழலோடு பேசலாம். நிழல் மனசு மாறினால் சமரசம் ரத்து. பெனிட்டா என்னை உள்ளறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

“சொல்லு,” என்றது நிழல். என் குரல். நான் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வரிசையில் நிற்பவனை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்கிற தொனி.

“என்ன சொல்லு? யாரைக் கேட்டு ஒத்துக்கிட்ட? வெக்கமா இல்ல உனக்கு?”

“உன்னைக் கேட்டுத்தான். இருபத்தொன்பது வருஷத்துல நீ கையில எடுத்தது ஆயிரத்து நூத்துப் பதினேழு வழக்கு. அதுல எதிர்த்தரப்பு ஏதோ கொஞ்சம் தரேன்னு சொன்னப்ப, முடியாது, முழுசாத்தான் வேணும்னு நீ எத்தனை தடவை நின்னிருக்க, சொல்லு.”

யோசித்தேன். பஞ்சாலைப் பெண்களின் வழக்கு ஞாபகம் வந்தது. அதில் இரவு ஷிஃப்டுக்கு ஒரு பஸ் விடுகிறோம் என்றதும் முடித்துவிட்டேன். கலப்பட எண்ணெய் வழக்கில் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு ஃபைலை மூடினேன். லிஃப்ட் அறுந்து விழுந்த வழக்கில் புது லிஃப்ட்.

“ஒண்ணுமே கிடைக்காம போறதுக்கு ஏதாவது கிடைக்கட்டும்னுதானே செஞ்சேன்!”

“நானும் அதான் செஞ்சேன். முதல்ல அவங்க புகைபோக்கி மட்டும்தான்னாங்க. பதினாலு மாசத்தை நான்தான் பேசி வாங்கினேன். உன்னால அதுகூட முடிஞ்சிருக்காது, நீ டீ குடிச்சதும் இளகிடுவ.”

என்னையே நான் திட்டி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் திட்டினேன். அந்தக் குழந்தைக்குப் பதினாலு மாசம் கிடையாது, வழியில் நின்று அழுகிறது, பின்வாங்கு, பின்வாங்கித் தொலை என்று மேஜையைத் தட்டினேன். அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அந்தப் பொறுமையும் என்னுடையதுதான். ஆயிரம் பேரை அப்படிக் கேட்டுத்தான் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்.

“நான் பின்வாங்கறேன்னே வெச்சுக்கோ,” என்றது. “அப்புறம்? மனுதாரர் ஒருத்தர். அவங்களும் புதுக்கானூர்ல குடியில்ல. பாதிக்கப்படாதவங்க குடுத்த மனுன்னு தள்ளுபடி ஆகும். இப்ப கையில இருக்கற பதினாலு மாசமும் போயிடும். பின்வாங்கட்டுமா? நீ சொன்னா செய்யறேன்.”

தட்டிக்கொண்டிருந்த கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. அந்த அறுபத்து மூணு பேர்ல யாராவது ஒருத்தர், இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள, நீ இல்லாத அறையில, தன் மனசுல இருக்கறதைத் தன் வாயால சொல்லணும். அது உன் மனசு இல்லைன்னு செவிக்குத் தெரிஞ்சா, ஒரே ஆள்ங்கற முடிவு செல்லாது. அறுபத்து மூணு பேரையும் மறுபடி தனித்தனியாக் கேக்கும். கேக்கற வரைக்கும் உலையும் நிக்கும்.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“நீ கேக்கல. ஜன்னல்ல நிக்கறவங்க கேக்காததை நீ என்னைக்காவது எடுத்துச் சொல்லியிருக்கியா?”

பன்னிரண்டு ஐம்பது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். வாழ்நாளில் அந்த வராந்தாவில் நான் ஓடியதில்லை. கோமளா பேசினால் போதும்! முதல் நாள் என் மேஜையில் அடித்துப் பேசியதில் பாதி பேசினால் போதும். அவளைப் போல் நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் பேச முடியாது. உலை இன்றைக்கே அணைந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

பெனிட்டா குறுக்கே வந்து என் கையைப் பிடித்தாள். “மேடம், ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்த வளாகத்துல நீங்க பேசறது எல்லாமே அதுக்குக் கேக்கும். எப்படிப் பேசணும்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை நீங்க சொன்னாலும் அந்தச் சாட்சி உங்க சாட்சிதான். அப்படிப் பேசு, இப்படிப் பேசாத, சொந்தமாப் பேசுன்னுகூடச் சொல்லக் கூடாது. உள்ளே போய்ப் பேசுங்கன்னு மட்டும்தான் சொல்லலாம். நானும் சொல்லக் கூடாது.”

“அடக் கடவுளே, அவளுக்கு எப்படிடி புரியும்?”

“தெரியல மேடம்.”

கோமளா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

“கோமளா, இன்னொரு தடவை கேக்கறாங்களாம். உள்ள போய்ப் பேசும்மா.”

“இன்னா பேசணும் மேடம்?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சோற்றில் ஊதுவதைச் சொல், பஸ் நம்பரைச் சொல், என் மேல் கத்தினாயே அதைக் கத்து. உதட்டைக் கடித்துக்கொண்டேன். செவி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும் சின்ன பச்சை விளக்கு சுவரில் எரிந்துகொண்டிருந்தது.

“உள்ள போய்ப் பேசும்மா,” என்றேன் மறுபடியும்.

“அன்னிக்கு மாரியா?”

எந்த அன்றைக்கு? என் மேஜையில் அடித்த அன்றைக்கா, ரேஷன் கடை வாசலிலா? கேட்க முடியாது. தலையை ஆட்டவும் பயம், ஆட்டாமல் இருக்கவும் பயம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கல் மாதிரி நின்றேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, சட்டென்று அவள் முகம் தெளிந்தது.

“பிரிஞ்சுது மேடம். நீங்க கவலப்படாதீங்க,” என்றாள்.

சாட்சி அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பெனிட்டாவும் நின்றோம். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது, அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். கோமளா முந்தானையை இழுத்துச் செருகினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் தெரிந்த பச்சை விளக்கைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

“மேற்படி முகவரியில் நிரந்தரமாக வசித்து வரும் நான்,” என்று ஆரம்பித்தாள்.

“ஐயோ, வேணாம்டி!” என்று நான் கண்ணாடியில் கையை வைத்தேன். பெனிட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் நிறுத்தவில்லை. திக்கவில்லை. ரேஷன் கடை வாசலில் அந்தக் கடைசி வார்த்தையில் எல்லாரையும்விட அதிகமாகத் தடுக்கி விழுந்தவள் அவள்தான், அதற்காக நான் ஏழு தடவை சொல்ல வைத்தேன். அன்றைக்கு, “மாண்புமிகு மன்றத்தின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்” என்று தெளிவாக முடித்தாள். முடித்துவிட்டுப் பெரிய கும்பிடாகப் போட்டாள்.

செவிக்கு மூன்று விநாடி போதுமாக இருந்தது. ‘சாட்சி பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் எண்ணிக்கை: ஒன்று. மறுவிசாரணை இல்லை’ என்று எங்கள் பக்கத் திரையில் வந்தது. பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோமளா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“தெனம் வூட்ல சொல்லிப் பாப்பேன் மேடம், பேட்டரி ஒடைக்கறப்பவும் சொல்லிக்கினே இருப்பேன்,” என்றாள். “ஒரு வார்த்தகூட வுடல. என் இஷ்டத்துக்கு எதுவும் பேசல. நல்லா சொன்னேனா மேடம்?”

“நல்லா சொன்னேம்மா,” என்றேன்.

“அப்போ இன்னிக்கே நிறுத்திடுவாங்களா?”